மைனஸ் மூன்றில் ஒரு நாற்காலி

'டொப்!'

இருட்டியதும் பால்கனியில் மறுபடி அந்தச் சத்தம்.

முந்தாநாள் கிலுகிலுப்பை. நேற்று ஒரு குட்டிச் செருப்பு. இன்று ரப்பர் வாத்து. எல்லாம் என் ஒன்றரை வயது மகளுடையவை. வீடெல்லாம் தேடி, கிடைக்காமல் நான் கைவிட்டவை.

வெளியாள் கைக்கு இவை எப்படிப் போயின? உள்ளே வந்து எடுத்தானா? எடுத்தவன் ஏன் திருப்பி எறிகிறான்? ஒரு மண்ணும் புரியவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் போனில் சிரித்தார்.

"திருப்பிக் கொடுக்கிற திருடனை நீதாம்மா கண்டுபிடிச்சிருக்கே!"

அவருக்கென்ன, சிரிப்பார். வாத்து வந்த வழியை நான் கண்ணால் பார்த்தேன். தெரு நடுவே போகும் கேபிள் ஒயருக்கு மேலே எழும்பி, வளைந்து, என் பால்கனியில் விழுந்தது. எறிந்த கைதான் தெரியவில்லை.

உள்ளே டியூஷன் பெண் கிராஃப் தாளோடு காத்திருந்தாள். பத்தாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கேள்விதான். அதனால் நான் வைத்த பெயர் கேள்விக்குறி.

"மிஸ், நாலு மைனஸ் எக்ஸ் ஸ்கொயர். எக்ஸுக்கு மைனஸ் ரெண்டு போட்டாலும் பூஜ்யம், பிளஸ் ரெண்டு போட்டாலும் பூஜ்யம். அது எப்படி மிஸ்?"

"பரவளையம்னா அப்படித்தான். உச்சிக்கு இந்தப் பக்கம் எப்படியோ, அந்தப் பக்கமும்..."

சொல்லும்போதே என் கண் பால்கனிப் பக்கம் போனது.

ஒயர்தான் உச்சி. பிளஸ் இரண்டில் என் பால்கனி. அப்படியானால் மைனஸ் இரண்டில்?

தெருவுக்கு எதிரே, அதே உயரத்தில், வெல்டரின் பால்கனி!

தனி ஆள். கரி படிந்த கை. எந்நேரமும் வாசல் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பவர். நல்ல மனுஷன் எதற்குக் கதவைத் திறந்து வைக்கிறான்?

கான்வென்ட்டில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். தாளை எடுத்துக்கொண்டு நேரே ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போனேன். இரண்டு வீடும் அவருடையவை. அவருக்குக் கணக்குப் புரியவில்லை, என் பயம் புரிந்தது. வெல்டரைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"நான் எதையும் எறியலேம்மா" என்றாராம் வெல்டர்.

யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேள்விக்குறி உர்ரென்று வந்தாள்.

"நீங்க போட்டுக் குடுத்த படத்துக்கு ஒரு மார்க் போச்சு மிஸ். ரெண்டு முனையிலேயும் அம்புக்குறி இல்லையாம்."

"மைனஸ் ரெண்டுலேர்ந்து பிளஸ் ரெண்டு வரைக்கும் போதும்டி."

"அது நாம நிறுத்தின இடமாம். கோடு அங்கே நிக்காதாம். மைனஸ் மூணு போட்டுப் பாருங்க, விடை மைனஸ் அஞ்சு. கீழே கீழே போயிட்டே இருக்கு மிஸ்."

கீழேயா?

பால்கனிக்கு ஓடினேன். இருட்டிவிட்டிருந்தது. கோட்டை மனசுக்குள் நீட்டிப் பார்த்தேன். வெல்டரின் பால்கனியை உரசிக்கொண்டு, பக்கத்துச் சந்துக்குள் இறங்கி, தரையில் முட்டியது.

அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் நின்று குறி பார்த்துக்கொண்டிருந்தார் அடுத்த கட்டட வாட்ச்மேன். கையில் இன்னொரு குட்டிச் செருப்பு.

"அண்ணே, நீங்களா?"

"ஆமாம்மா. பகல்லே பாப்பா கம்பி வழியா ஒண்ணொண்ணாத் தள்ளிடுது. டூட்டிக்கு வந்ததும் பொறுக்கி எறிஞ்சிடறேன்."

"கொண்டுவந்து குடுத்திருக்கலாமே!"

"வந்தேனே! 'யாரும் கதவைத் தட்டாதீங்க'ன்னு உள்ளேர்ந்தே கத்தினீங்களே."

குழந்தையைக் கேள்விக்குறியிடம் கொடுத்துவிட்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினேன்.

வழக்கம்போலக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கட்டி வைத்த இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ். என்னைக் கண்டதும் வெல்டர் பதறி எழுந்தார்.

"சார், நான் எதிர்வீட்டு..."

"தெரியும்மா. அங்கேயே நில்லுங்க."

"தப்பு என்னோடது சார். எறிஞ்சது நீங்க இல்லே. ஓனர் அம்மாகிட்டே இப்பவே சொல்லிடறேன். நீங்க போக வேண்டாம்."

"சொல்லுங்கம்மா. ஆனா இப்போ கீழே போயிடுங்க. இருட்டிடுச்சு. நீங்க இங்கே நிக்கறதை யாராவது பார்த்தா, அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."



கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது. இரண்டு முறை.