கடித்துப் பார்த்த மாத்திரை

ஜன்னல் வெயிலில் அந்த எண்ணெய் மாத்திரை தேன் நிறத்தில் மினுங்குகிறது. எடை கூடிய முதியவர்களின் இதயத்துக்கும் மூளைக்கும் மீனெண்ணெய் உதவுமா என்று இந்த அறையில் ஆராய்கிறார்கள். பாதிப் பேருக்கு மீனெண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எது என்பது மாத்திரை கொடுக்கும் நர்சுக்கே தெரியாது. நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கும் கேண்டீன் சமையல்கார அம்மா, மாத்திரையை வாங்கிப் பட்டென்று கடிக்கிறார். உதட்டோரம் எண்ணெய் வழிகிறது. "ஐயோ, கடிக்கக் கூடாதும்மா! எதுன்னு தெரிஞ்சா உங்கள ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடுவாங்க!" நர்ஸ் பதறுகிறாள். அவர் நிதானமாகச் சப்புக்கொட்டுகிறார். "எடுக்கட்டுமே. முப்பது வருஷமா ருசி பாக்காம ஒரு கரண்டிகூட அடுத்தவங்க தட்டுல போட்டதில்ல. என் வயித்துல மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் போடுவேனா?" பக்கத்து நாற்காலிப் பெரியவர், விழுங்கப்போன மாத்திரையை நாக்கிலிருந்து கடைவாய்க்குத் தள்ளுகிறார்.