வித்தா, இன்டுவா

தன் கம்பெனியும் மிருணாளினியின் கம்பெனியும் இணையும் விழாவுக்காக ஆங்கிலத்தில் உரை எழுதிக்கொண்டிருந்த கதிரேசன், மனைவியிடம் கேட்டார்.

“மெர்ஜருக்கு அப்புறம் ‘வித்’ வருமா, ‘இன்டு’ வருமா?”

பூங்கோதை ஆங்கில ஆசிரியை. ‘வித்’ என்றால் சரிசமமாகச் சேர்வது. ‘இன்டு’ என்றால் ஒன்று மற்றொன்றுக்குள் கரைந்து காணாமல் போவது. ஆனால் கொஞ்ச நாளாகவே வீட்டில் எப்போதும் மிருணாளினி பேச்சுதான். அவளோடு இவர் சேர்வதைத் தன் வாயாலேயே சொல்லித்தர பூங்கோதைக்கு மனம் வரவில்லை.

“இன்டு,” என்றாள்.

முன்வரிசையில் பூங்கோதை உட்கார்ந்திருக்க, மேடையில் அவர் அப்படியே வாசித்தார். பக்கத்தில் நின்ற மிருணாளினி வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்ன கதிர், மொத்தமா எங்களுக்குள்ள கரைஞ்சிடறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

அரங்கமே கைதட்டியது. கதிரேசன் தலையைக் குனிந்து வெட்கப்பட்டார். அவர் இப்படி வெட்கப்பட்டு பூங்கோதை ஒருநாளும் பார்த்ததில்லை.