காட்டிக்கொடுத்தவள்

“குளிக்கறதுக்கு யாராவது உதவணுமா, நோலா?” படிவத்தில் பேனாவை வைத்தபடி கேட்டாள் கெரின்.

“எனக்கா? ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்த ஆம்பளைங்க முப்பது பேருக்கு மூணு வேளையும் பொங்கிப் போட்டவ நான். என்னை ஒருத்தி குளிப்பாட்டணுமா?” எண்பத்திரண்டு வயது நோலா நெஞ்சை நிமிர்த்தினாள். அதிகாரி வருகிறாள் என்று உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள்.

“உதவி வேணும்,” என்றாள் பின்னால் நின்ற மகள் ஜோலீன். “ஒன்றரை வருஷமா நான்தான் குளிப்பாட்டுறேன்.”

“பொய்!”

கெரினுக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயை இப்படியா முகத்துக்கு நேரே சொல்வது?

முதியவர்களுக்கு அரசாங்கச் செலவில் வீட்டுக்கு ஆள் அனுப்பலாமா, காப்பகத்தில் இடம் கொடுக்கலாமா என்று நேரில் பார்த்து எழுதுவது கெரினின் வேலை. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாள். பெற்றவர்களைத் தள்ளிவிட அவசரப்படும் பிள்ளைகளை நிறையவே பார்த்தாயிற்று.

“போன வருஷம் வந்தவர் ‘உதவி தேவையில்லை’ன்னு எழுதிட்டுப் போயிட்டார். இந்தத் தடவையும் இல்லைன்னா நான் ஆஸ்பத்திரி சலவை வேலையை விடணும்,” என்று கெரின் வந்தபோதே ஜோலீன் வாசலில் சொல்லியிருந்தாள். அந்த அவசரமே கெரினுக்குப் பிடிக்கவில்லை.

“சமையல்?”

“அதைப் போய் என்கிட்ட கேக்குறியே கண்ணு!”

“போன மாசம் கரண்ட் கெட்டிலைத் தூக்கி கேஸ் அடுப்புல வெச்சுட்டாங்க. தீயணைப்பு வண்டி வந்துச்சு,” என்றாள் ஜோலீன்.

“வந்தா என்ன? அவங்களுக்கும் சேர்த்து டீ போட்டிருப்பேன்!”

கெரின் சிரித்துவிட்டாள். ஜோலீன் சிரிக்கவில்லை.

“கழிப்பறைக்கு நீங்களே போயிடுவீங்களா, நோலா?”

“ஓடுவேன்!”

“நேரத்துக்குப் போக மாட்டாங்க. தினமும் ரெண்டு தடவை படுக்கை விரிப்பை மாத்துறேன்.”

நோலாவின் முகம் சிவந்தது. கைத்தடியைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

“வெளியே போடி! ஊரார் முன்னாடி என் மானத்தை வாங்குறியா? உன்னைப் பெத்ததுக்குப் பதிலா நாலு ஆட்டுக்குட்டியை வளர்த்திருக்கலாம். எழுதிக்கோ கண்ணு! நோலா பிக்கெட் எவன் தயவும் இல்லாம வாழ்ந்தா, எவன் தயவும் இல்லாமத்தான் சாவா!”

“அதையும் எழுதுங்க. விரிப்பு ரெண்டு தடவைங்கிறதையும் எழுதுங்க,” என்றாள் ஜோலீன், அசையாமல்.

கெரினால் பொறுக்க முடியவில்லை. “கொஞ்சம் பதமா சொல்லலாமே ஜோலீன். அவங்க மனசு என்ன பாடுபடும்?”

“போன வருஷம் பதமாத்தான் சொன்னேன். உங்க ஆபீஸ்காரர் காதுல விழலையே.”

என்ன திமிர்! கெரின் கிளம்பி வந்து காரில் உட்கார்ந்தாள். ‘மூதாட்டி தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். மகள் மிகைப்படுத்துகிறார்’ என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

வீட்டார் முன்கூட்டியே அனுப்பும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை, ஆளைப் பார்த்த பிறகுதான் கெரின் படிப்பாள். முன்பே படித்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அவள் மனம் சாய்ந்து அரைமணி நேரமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

இப்போது அதைப் புரட்டினாள். ‘வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்புகிறீர்களா?’ என்ற கட்டத்துக்குள் கோணல்மாணலான கையெழுத்து, கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை ஓடியிருந்தது.

“எனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று தெளிவாக இருக்கிறேன், அதனால் இன்றே எழுதுகிறேன். நீங்கள் வரும் நாளில் எனக்கு எல்லாம் முடியும் என்று சாதிப்பேன். நம்பாதீர்கள். போன முறை வந்தவரை அப்படித்தான் ஏமாற்றி அனுப்பினேன். என் மகளை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பதிலுக்கு அவள் கல் மாதிரி நிற்பாள். தயவுசெய்து அவளைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவைப் பற்றி அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க அழுதவள் அவள். நான் எவ்வளவு கத்தினாலும் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியதே நான்தான். – நோலா பிக்கெட்.”