காரணம் சொல்லி வந்தவர்கள்

நீளக் கழியில் கட்டிய செர்ரிப் பட்டைத் துடைப்பத்தால் நதேலா தாழியின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் டிராக்டர் வந்து நின்றது.

கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒயின் தாழி. உள்ளே ஓர் ஆள் இறங்கி நிற்கலாம். இந்த வருஷம் அதில் ஊற்ற ஒரு சொட்டுத் திராட்சைச் சாறு கிடையாது. ஆனாலும் அக்டோபர் பிறந்தால் தாழியைக் கழுவாமல் அந்த ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது.

ஆகஸ்டில் பெய்த ஆலங்கட்டி மழை, மேட்டிலிருந்த அவள் தோட்டத்தை மட்டும் தேடிவந்து அடித்தது போல அடித்துவிட்டுப் போனது. கொடியில் ஒரு குலை மிஞ்சவில்லை. கீழே அலசானி ஆற்றுப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் தப்பித்தன.

அவள் கணவன் வாஜா போன வசந்தத்தில் இறந்துபோனான். வருகிற வசந்தத்தில் அவனுக்கு முதல் வருஷ நினைவு விருந்து. அன்றைக்கு அவன் தாழியைத் திறந்து, அவன் பேரைச் சொல்லி, அவன் வீட்டு ஒயினை ஊரே குடிக்க வேண்டும். கடையில் வாங்கிய புட்டிகளை அந்த மேசையில் வைப்பதைவிட அவனோடு தானும் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று நதேலாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. அறுவடையில் ஆளுக்கொரு கூடை தருகிறோம் என்று அப்போதே வந்து சொன்னார்கள்.

“எங்க வீட்ல இருக்கிறது தாழி. பிச்சைச் சட்டி இல்ல” என்று அவள் கதவைச் சாத்தினாள்.

டிராக்டரில் வந்தவன் பக்கத்து வீட்டுக் கோச்சா. பிரேக் பிடிக்கவில்லையாம். இந்தப் பாரத்தோடு இறக்கத்தில் போனால் உயிருக்கே ஆபத்தாம். திராட்சைக் கூடைகளை இங்கே இறக்கி வைத்துவிட்டு நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வானாம்.

பறித்த பழம் நாளைவரை தாங்குமா என்று அவள் கேட்பதற்குள் கிளம்பிவிட்டான். பிரேக் பிடிக்காத டிராக்டர், தெருமுனையில் குறுக்கே வந்த கோழிக்காக அழகாக நின்று, அது கடந்ததும் மறுபடி கிளம்பிப் போனது.

அடுத்து எதிர்வீட்டுச் சைரா வந்தாள். நதேலா வீட்டில் திராட்சை மிதிக்கிற மரத்தொட்டி ஒழுகுகிறது என்று யாரோ சொன்னார்களாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதாதா என்றதற்கு, தண்ணீருக்கு ஒழுகாத தொட்டி சாற்றுக்கு ஒழுகும் என்று அடித்துச் சொன்னாள். சொன்ன கையோடு தன் கூடையைத் தொட்டியில் கொட்டி, கோச்சாவின் கூடைகளையும் கொட்டி, காலைக் கழுவிக்கொண்டு ஏறி மிதிக்கத் தொடங்கினாள்.

பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு, கோபத்தில் கூடையும் கையுமாக வீட்டைவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவள் கையிலும் ஒரு கூடை இருந்தது.

உனக்காக என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நதேலா எல்லோரையும் விரட்டியிருப்பாள். யாரும் சொல்லவில்லை. கருப்புக் குலையும் பொன்னிறக் குலையும் ஒரே தொட்டியில் குவிந்தன. எந்தத் தோட்டத்திலும் சேர்ந்து விளையாத பழங்கள் அவை.

சாறு தொட்டியின் வாயிலிருந்து தாழிக்குள் விழ ஆரம்பித்தது. வெறும் தாழி அல்லவா, சத்தம் மண்ணுக்கடியிலிருந்து எழும்பி வந்து அவள் பாதத்தில் அதிர்ந்தது. தூரத்துப் பனிமலை அந்திவெயிலில் சிவந்திருந்தது. எத்தனையோ அறுவடை பார்த்தவள்தான் நதேலா. இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

கடைசியாக ஆற்றங்கரைத் தெருவிலிருந்து மாரோ வந்தாள். பெரியவள், பாவம், வாயில் ஒரு பொய் வராது. ஒரே ஒரு கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

தொட்டியில் மிதித்தவர்கள் மிதிப்பதை நிறுத்தினார்கள். ஏதாவது சொல்லித் தொலை என்று சைரா கண்ணைக் காட்டினாள்.

நதேலாவின் முகம் இறுகியது. காரணம் சொல்லாமல் வந்த கூடைக்குத் தானம் என்றுதான் பேர். இதை ஏற்றுக்கொண்டால் தொட்டியில் கிடக்கிற எல்லாமே தானமாகிவிடும்.

“எதுக்கு வந்தீங்க, மாரோக்கா?”

மாரோ தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“எனக்குப் புதுசா ஒண்ணும் சொல்ல வரலம்மா. எங்க கொடியெல்லாம் பனியில கருகுன வருஷம், உன் வீட்டுக்காரரு கூடையோட வந்து சொன்னதையே சொல்லிடறேன். கழுதை நொண்டுது, பாரத்தை இங்க இறக்கி வச்சுட்டுப் போறேன்.”

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வருஷம் அந்தக் கழுதை நொண்டியது என்று வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் வீட்டில் இரண்டு தடவை என்றாள் சைரா.

நதேலா தாழியின் விளிம்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாஜாவிடம் எந்தக் காலத்திலும் கழுதை இருந்ததில்லை.

பிறகு எழுந்து, மாரோவின் கூடையைத் தானே தூக்கித் தொட்டியில் கொட்டினாள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

“கழுதைக்குத் தண்ணி காட்டுனீங்களா, அக்கா?” என்று கேட்டாள்.