வகுபடாத மகள்

குடல்வால் வீங்கி வலியில் துடித்த ரோஸ்லினைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள் அவள் தாய் ஜெசிந்தா. அங்கிருந்த கணினியோ அந்தப் பிள்ளைக்குத் தாயே இல்லை என்றது. அரசாங்கப் பதிவில் தாயின் அடையாள எண்ணையும் தகப்பனின் எண்ணையும் பெருக்கினால் வருவதுதான் பிள்ளையின் நாற்பது இலக்க எண். ரோஸ்லின் பிறந்த அன்று யாரோ கடைசி இலக்கத்தைத் தப்பாக அடித்துவிட்டார்கள்.

“உங்க எண்ணால வகுத்தா மீதி வருதும்மா. எந்த எண்ணாலயும் வகுபடல. சுத்தமான பகா எண்! இவ்வளவு பெருசா அமையறது அபூர்வம்,” என்று வியந்தார் கணினி முன்னிருந்த அதிகாரி.

“பிள்ள சாகக் கிடக்கு, நீரு அபூர்வம்னு ரசிக்கீரா?”

“உங்க கையெழுத்து செல்லாது. அநாதைன்னு ஒத்துக்கிட்டா கையெழுத்தே வேண்டாம், உடனே ஆபரேஷன்.”

மகள் முனகினாள். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதமாகத் தலையாட்டினாள்.

ரோஸ்லின் பிழைத்தாள். மறுநாள் காலை வார்டு வாசலில் காவலாளி மறித்தான்.

“அநாதப் பிள்ளையப் பார்க்க யாரையும் விடக்கூடாது. நீங்க அதுக்கு யாரு?”

உள்ளேயிருந்து “அம்மா” என்று குரல் வந்தது.

“கேட்டுச்சா? இத வகுத்துப் பாரும்வே!” என்று அவனைத் தள்ளிவிட்டு ஜெசிந்தா உள்ளே போனாள்.