எட்டும் நலம்

"எட்டுக் கருவும் ஆரோக்கியமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நல்ல சேதிதானே மேடம்? அதுக்கா இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?" என்றாள் அட்டெண்டர் அக்கா.

"அப்பனோட மரபணுக் கோளாறு பாதிக் கருவுக்காவது வந்திருக்கணும். ஒண்ணுக்குக்கூட வரல. மூணு வருஷ ஆராய்ச்சி போச்சு!"

அக்கா மெல்ல அருகில் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க பாத்த மாப்பிள்ளைக்கு வால் அரை விரல்தான் இருந்துச்சு. பொண்ணு எவ்வளவு லட்சணம்! மனசு கேக்கல. பக்கத்துக் கூண்டுலேர்ந்து நீள வாலா ஒருத்தனை மாத்தி விட்டுட்டேன்."

டாக்டரம்மா பதறிப்போய் எலிக்கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என் குட்டை வாலன்?"

"பத்திரமா இருக்கான். அவனுக்கு ஏத்த இடமாப் பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்!"