மோதிர விரல்

"அக்கா, மோதிர விரல் ஒடிஞ்சு போச்சு. என்னால நிக்க முடியாது. நீங்க எறங்குங்க."

உடை மாற்றும் அறையின் மூலையில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள் பல்லி. தேசியப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர், வயது இருபத்திரண்டு. குறுக்குக் கம்பம்வரை எகிறிப் பந்தைப் பிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

எதிரே நின்றவள் இரண்டாவது கோல்கீப்பர். பதினோரு வருடமாக அணியில் இருக்கிறாள்; ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. முதல் கோல்கீப்பர்கள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். ஒருத்திக்கும் ஆட்டத்தன்று ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அணியில் அவளுக்குப் பெஞ்சக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்றைய ஆட்டத்தோடு விலகிக்கொள்வதாகப் போன வாரம்தான் கோச்சிடம் கடிதம் கொடுத்திருந்தாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

 பெஞ்சக்காவின் கை தானாகப் பைக்குள் போய்க் கையுறையை எடுத்தது. உள்ளங்கைப் பக்கம் ஈரமாக இருந்தது. பந்து வழுக்காமலிருக்க, களத்தில் இறங்குகிறவள்தான் கையுறையை நனைத்துக்கொள்வாள். அவள் என்றைக்கும் நனைத்ததில்லை. தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டுடி."

"வேண்டாம்க்கா, வலிக்குது."

"காட்டுன்னா காட்டு."

நான்கு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இந்த விரல்களுக்கு டேப் சுற்றுகிறவள் அவள்தான். கணுக் கணுவாக அழுத்திப் பார்த்தாள். வீக்கமில்லை. பல்லி "ஆ" என்றாள். அதுவும் ஒரு நொடி கழித்து.

பெஞ்சக்காவுக்குப் புரிந்துவிட்டது. போன ஆட்டத்தில் பல்லி நாலு கோல் வாங்கியிருந்தாள். ஊரே திட்டித் தீர்த்திருந்தது. இன்றைக்கு ஒதுங்கினால் அடுத்த பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

டாக்டர் வந்தார். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எக்ஸ்ரே எடுக்க நேரமில்லம்மா. தெனம் இந்தக் கையைப் பிடிக்கிறவ நீ. நீயே சொல்லு. ஒடஞ்சிருக்குன்னா நீ எறங்கு. எறங்குறவங்க லிஸ்ட் இன்னும் குடுக்கல."

"ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயது மகள், அம்மா கம்பங்களுக்கு நடுவே நிற்பதை முதல் தடவையாகப் பார்ப்பாள்.

பல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

பெஞ்சக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் பயம்."

டாக்டர் சிரித்துவிட்டு லிஸ்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பெஞ்சக்கா மண்டியிட்டு விரல்களுக்கு டேப் சுற்றினாள். இரண்டு தடவை பிரித்துச் சுற்ற வேண்டியிருந்தது.

வெளியே வரிசையில் நிற்கச் சொல்லி விசில் கேட்டது.

"எழுந்திருடி. மூக்கைத் தொடச்சுக்க, டிவில தெரியும். நாலு வாங்கினா என்ன? அதுக்காக இப்படியா பயப்படுவாங்க?"

பல்லி நகரவில்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

"பயமா எனக்கு? இன்னிக்கு உங்களுக்குக் கடைசின்னு கோச் சொல்லிட்டாருக்கா."